சாட்சிப் பெட்டியைத் திறக்க வந்த கண்ணுக்கு

கண்ணு,

சேலம் செவ்வாய்பேட்டை வெள்ளிப் பட்டறையிலும், நாமக்கல் கோழிப்பண்ணையின் தீவன அறையிலும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டி அலுவலகத்திலும், பள்ளிபாளையத்து விசைத்தறிக் கூடத்திலும் மேல்தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். அதுதான் டிவிஆர். நாலு கேமராவோ எட்டு கேமராவோ அதில் வந்து சேரும். மாட்டிக்கொடுத்த கடைக்காரர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார். பெட்டிமேல் பெயர் ஒட்டிய கம்பெனியின் இணையதளம் திறக்காது. உள்ளே ஓடும் ஃபர்ம்வேருக்குப் பல வருடங்களாக ஒரு திருத்தமும் வந்திருக்காது. ஆனாலும் அது ராப்பகலாக ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்தப் பெட்டிக்குத் திறமூல மாற்று ஃபர்ம்வேர் எழுதப்போகிறேன் என்று நீ கிளம்பியிருப்பதைக் கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடியே என் ஆயுள் போயிருக்கிறது. நிரல் எழுத நான் உனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த வேலைக்கு எப்படிப்பட்ட மனசு வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன், கேள்.

1. பெட்டியைச் சாட்சியாக நினை.

2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலில் இருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. வழக்கில் முக்கியமான சாட்சி பிறழ் சாட்சியாகிவிட்டபோதும், கோயில் கேமராக்களின் பதிவு இருந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் மலைக்கே நேரில் போய்க் கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டார்கள். அந்த ஜூனில் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனை உறுதியானது. நம் ஊர் மலையில் நடந்ததைத்தான் சொல்கிறேன். மனிதர்கள் பேசப் பயப்படும் இடத்தில் இந்தப் பெட்டி பேச வேண்டிவரும். நீ எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்த நாளை நினைத்துக்கொண்டு எழுது.

2. ஒட்டிய பெயரை விட்டுவிட்டுப் போர்டைப் பார்.

சிப்பை ஒருவர் செய்கிறார், போர்டை இன்னொருவர் செய்கிறார், டப்பாவில் பெயரை ஒட்டி விற்பவர் மூன்றாவது ஆள். சீனாவின் ஹாங்சூ நகரத்து ஷியோங்மாய் நிறுவனத்தின் சாதனங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில் விற்கப்பட்டதை எஸ்இசி கன்சல்ட் ஆய்வாளர்கள் 2018இல் பட்டியல் போட்டுக் காட்டினார்கள். அவற்றில் அட்மின் கணக்குக்குக் கடவுச்சொல்லே இல்லை. கையேட்டில் சொல்லாத இன்னொரு கணக்கும் உள்ளே ஒளிந்திருந்தது. வரும் ஃபர்ம்வேர் உண்மையானதுதானா என்று பார்க்கும் கையொப்பச் சோதனையும் கிடையாது. பல கை மாறிய பொருளுக்கு எந்தக் கையும் பொறுப்பேற்பதில்லை. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் புதிதாக விற்கும் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம் ஆனது. ஆனால் ஏற்கெனவே சுவரில் ஏறிவிட்டவற்றை அந்த விதி எட்டாது. ஒரே ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு பெட்டிகளுக்குள் இரண்டு வேறு போர்டுகள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மூடியைத் திறந்ததும் சிப் எண், கேமரா சிக்னலை வாங்கும் சிப்பின் எண், ஃப்ளாஷ் அளவு, போர்டில் அச்சிட்ட எண் எல்லாவற்றையும் படம் எடுத்து எழுதிவை. ஆழம் பார்த்தபின் காலை வை.

3. உனக்குச் சொந்தமானதில் மட்டும் கைவை.

2016இல் மிராய் என்ற தீநிரல் அறுபது சொச்சம் தொழிற்சாலைக் கடவுச்சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உலகம் முழுக்க லட்சக்கணக்கான டிவிஆர்களையும் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அந்த அக்டோபர் 21 அன்று டின் என்ற இணைய முகவரிச் சேவை நிறுவனத்தின்மீது அவை ஏவப்பட்டபோது ட்விட்டரும் நெட்ஃப்ளிக்ஸும் பல மணி நேரம் தடுமாறின. மிராயை எழுதியவர்கள் யார் தெரியுமா? உன் வயதுப் பையன்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களின் போட்டியில் தொடங்கிக் குற்றத்தில் போய் நின்றார்கள். 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்குத் திறமையில் குறைவில்லை, தடுத்துச் சொல்லப் பக்கத்தில் ஒரு பெரியவர்தான் இல்லை. நீ காசு கொடுத்து வாங்கிய பழைய பெட்டியில் சோதனை செய். அல்லது உரிமையாளர் எழுதிக் கொடுத்த சம்மதத்தோடு செய். இணையத்தில் திறந்து கிடக்கும் அடுத்தவர் பெட்டிக்குள் 'சும்மா பார்க்கலாம்' என்று நுழைவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி குற்றமாகலாம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு.

4. நல்லெண்ணம் அனுமதி ஆகாது.

ஓட்டைப் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் உனக்குக் கோபம் வரும். 2017இல் ஒருவருக்கு அப்படி வந்தது. பெயரை மறைத்துக்கொண்டு பிரிக்கர்பாட் என்ற நிரலை எழுதி, பாதுகாப்பில்லாத சாதனங்களைத் தேடித் தேடிச் செயலிழக்க வைத்தார். கெட்டவர்கள் கையில் சிக்குவதைவிடச் செத்துப்போவதே மேல் என்பது அவர் வாதம். அந்த ஜூலையில் நம் நாட்டில் பல்லாயிரம் பிஎஸ்என்எல் மோடம்கள் நின்றுபோனபோது, அதற்குத் தானே காரணம் என்றும் சொன்னார். தொலைபேசி அலுவலகத்தில் வரிசையில் நின்ற மனிதர்களுக்கு அதனால் என்ன பாதுகாப்பு கிடைத்தது? அடுத்தவர் பொருளை அவருக்குத் தெரியாமல் திருத்துவது உதவியில் சேராது. கதவைத் தட்டு, சொல்லிப் புரியவை, சம்மதம் கிடைத்தால் உள்ளே போ. கிடைக்காவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வா.

5. பதறாத காரியம் சிதறாது.

புதிதாக ஒரு எழுத்தை எழுதும் முன், பழையதை முழுக்க நகல் எடு. போர்டில் சீரியல் முனைகளைக் கண்டுபிடி. அது 3.3 வோல்ட்தானா என்று மீட்டர் வைத்து உறுதிசெய்த பிறகு கம்பியைக் கொடு. பெரும்பாலும் 115200 வேகத்தில், பெட்டியை எழுப்பும் யு-பூட் நிரல் உன்னோடு பேசத் தொடங்கும். ஃப்ளாஷை இரண்டு தடவை படித்து இரண்டின் செக்சமும் ஒன்றாக வருகிறதா பார். கறுப்பு நிறத்தில் மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ புரோகிராமர் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் அனுப்பும். 3.3 வோல்ட் சிப்பை அது மெதுவாகக் கொன்றுவிடும். உன் ஃபர்ம்வேரை முதல் நாளே ஃப்ளாஷில் ஏற்றாதே. நெட்வொர்க் வழியாக நினைவகத்தில் ஏற்றி ஓட்டிப்பார், அணைத்தால் பழையபடி எழட்டும். பட்டறை ஒன்றின் பெட்டியைச் சரிசெய்ய வந்த கெட்டிக்காரப் பையன் ஒருவன் நகல் எடுக்காமல் யு-பூட் பகுதிமேலேயே எழுதிவிட்டான். பெட்டி எழவேயில்லை. அந்த வாரம் அங்கே வெள்ளி காணாமல் போனது. வேலைக்காரர்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு முகம் பார்க்காமல் போனார்கள். பதிவு இருந்திருந்தால் அந்த வீண்பழி யார்மீதும் விழுந்திருக்காது.

6. ஹார்டு டிஸ்க்கில் இருப்பது அடுத்தவர் வாழ்க்கை.

பழைய பெட்டியோடு பழைய டிஸ்க்கும் வரும். அதைப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். பார்க்காதே. சோதனைக்குப் புது டிஸ்க் போடு, உன் வீட்டு மாடியைப் படம் பிடி. வாங்கிய பழைய டிஸ்க்கை முழுதாக அழித்துவிடு. வாடிக்கையாளருடையது என்றால் கவரில் போட்டு ஒட்டி அவர் கையிலேயே திருப்பிக்கொடு. 2025 பிப்ரவரியில் குஜராத் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்கள் சிகிச்சை பெறும் காட்சிகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தது நாட்டையே உலுக்கியது. அங்கே கேமரா அமைப்பின் கடவுச்சொல் 'அட்மின்123' என்று தொழிற்சாலை வைத்தபடியே இருந்தது. அந்தப் பெண்கள் நம் அக்கா தங்கைகள். எந்தப் பெட்டியை எடுத்தாலும், அதற்குள் உன் வீட்டுப் பெண்கள் இருப்பதாக நினைத்துக்கொள். கை தானாக அடங்கும்.

7. வசதிக்குத் திறந்த கதவில் திருடனும் நுழைவான்.

"செல்போனில் பார்த்தால் போதும் சாமி, பாஸ்வேர்டெல்லாம் எதுக்கு?" என்று பண்ணைக்காரர் கேட்பார். அவர்மேல் தப்பில்லை. ஆயிரக்கணக்கான கோழிகளுக்கும் தீவனத்துக்கும் நடுவே அவருக்கு நூறு கவலை. ஆனால் நீ வளைந்துகொடுக்காதே. உன் ஃபர்ம்வேரில் எல்லோருக்கும் பொதுவான கடவுச்சொல் என்று ஒன்று இருக்கவே கூடாது. முதல் முறை எழும்போதே உரிமையாளர் தன் கடவுச்சொல்லை வைத்தால்தான் பெட்டி பதிவைத் தொடங்க வேண்டும். டெல்நெட் வேண்டாம். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடும் பழக்கமும் வேண்டாம். வெளியிலிருந்து பார்க்க வயர்கார்டு போன்ற பூட்டிய வழியை அமைத்துக்கொடு. டிபிகே வகை டிவிஆர்களில் 2018இல் வெளிவந்த ஓட்டை எப்படிப்பட்டது தெரியுமா? குக்கீயில் 'யூஐடி=அட்மின்' என்று ஒரு சொல் அனுப்பினால், எல்லாக் கடவுச்சொற்களையும் பெட்டியே படித்துக் காட்டிவிடும். யாரோ ஒருவர் வசதி கருதி விட்டுவைத்த சோம்பல் அது. பொறுமையாக உட்கார்ந்து ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால், எழுபது வயதுப் பண்ணைக்காரரும் வயர்கார்டு பொத்தானைத் தட்டக் கற்றுக்கொள்வார். கற்றுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தவன்.

8. நேரத்தைப் பொய் சொல்ல விடாதே.

சீன நேரத்திலேயே இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகளை இந்தப் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்து, மின்சாரம் போய் வந்ததும் பழைய ஆண்டுக்குப் போய்விட்ட பெட்டிகளும் உண்டு. நேரம் தவறிய சாட்சியை வழக்கறிஞர் இரண்டே கேள்வியில் சாய்த்துவிடுவார். இணையம் கிடைக்கும்போதெல்லாம் கடிகாரத்தைச் சரிபார்க்க வை. எப்போது எவ்வளவு திருத்தியது என்பதையும் பதிவேட்டில் எழுத வை. மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்‌ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். பதிவை நகலெடுக்கும்போதே ஹாஷும் தானாக வந்து விழும்படி செய்துகொடு. இன்னொன்றையும் மறக்காதே. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடிக்கப்பட்ட இரவின் பதிவு கிடைக்கவில்லை. டிஸ்க்கில் போதிய இடம் இருந்தும், அன்றாடம் தானாக அழியும்படி அமைப்பு மாற்றப்பட்டிருந்தது என்று விசாரித்த நீதித்துறை நடுவர் அறிக்கை கொடுத்தார். உன் பெட்டியில் யார் எந்த அமைப்பை மாற்றினாலும் அதற்குத் தடம் இருக்க வேண்டும். அதிகாரம் உள்ளவர் மாற்றினாலும் இருக்க வேண்டும்.

9. நம் ஊர் தூசியிலும் வெயிலிலும் சோதி.

குளிர்சாதன அறையில் மேசைமேல் ஓடியதை வைத்து 'முடிந்தது' என்று சொல்லாதே. தீவன ஆலையின் மாவுத்தூசி விசிறிக்குள் அடைந்துகொள்ளும். சித்திரை வெயிலில் தகரக்கூரை அடியில் டிஸ்க் கொதிக்கும். ஜவ்வரிசி ஆலையின் பெரிய மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் இறங்கி ஏறும். ஒரே மாலையில் பலமுறை மின்சாரம் போய் வரும். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கு. புதுப்பிப்பு ஏறும்போதும் பிடுங்கு. ஒவ்வொரு முறையும் பெட்டி தானாக எழுந்து, விட்ட இடத்தில் பதிவைத் தொடர வேண்டும். அதற்கு ஃபர்ம்வேருக்கு இரண்டு இடம் ஒதுக்கு. புதியது எழவில்லை என்றால் பழையது எழட்டும். உறைந்து நின்றால் எழுப்பிவிட வாட்ச்டாக் இருக்கட்டும். பிழை காட்டும் ஊர்தான் நல்ல ஆசிரியர், அதன்மேல் கோபப்படாதே.

10. முடியாததை முடியாது என்று சொல்.

இந்தப் பெட்டிகளில் பலவற்றின் இதயம் ஹைசிலிக்கான் ஹை3520டி போன்ற ஒரு சிப். படத்தைச் சுருக்கும் அதன் பகுதிக்கான நிரல் மூடிய துண்டாகத்தான் கிடைக்கிறது. அது 3.0, 3.10 என்ற பழைய லினக்ஸ் கெர்னல்களோடு கட்டிப்போடப்பட்டிருக்கிறது. 2020இல் அமெரிக்கத் தடையால் அந்தச் சிப்களின் உற்பத்தியும் முடங்கியது. ஆகவே உன் ஃபர்ம்வேரில் ஒரு பகுதி மூடியே இருக்கக்கூடும். அதை மறைக்காதே. 'இந்தத் துண்டு மூடியது, இந்தக் கெர்னல் பழையது, ஆகவே இதை இணையத்தில் நேரடியாக வைக்காதே' என்று முதல் பக்கத்திலேயே எழுது. எந்த மாற்றும் போட முடியாத பெட்டி வந்தால், அதை இணையத்திலிருந்து துண்டித்துத் தனி நெட்வொர்க்கில் வைத்துக்கொடு. ஐபி கேமராக்கள் என்றால், ஒரு பழைய கணினியில் ஜோன்மைண்டர், ஃபிரிகேட் போன்ற கேமராப் பதிவு மென்பொருள் ஒன்றைப் போட்டு அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுக்கச் சொல். முடியாது என்ற சொல்லை நேர்மையாகச் சொன்னவரிடம்தான் ஊர் மறுபடியும் வரும்.

11. முன்னால் நடந்தவர்களைத் தேடிப் போ.

நீ முதல் ஆள் இல்லை, அதுதான் உன் அதிர்ஷ்டம். லிங்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் ஓடியது லினக்ஸ் என்று கண்டுபிடித்தவர்கள் ஜிபிஎல் உரிமத்தைக் காட்டிக் கேட்டார்கள். 2003இல் மூலநிரல் வெளிவந்தது. அதிலிருந்து 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது. இன்று ஐபி கேமராக்களுக்கு ஓபன்ஐபிசி இருக்கிறது. இன்ஜெனிக் சிப் உள்ள கேமராக்களுக்கு திஞ்சினோ இருக்கிறது. டிவிஆர்களில்தான் பாதை இன்னும் கரடுமுரடு. அவர்கள் நிரலைப் படி, உன் போர்டைப் பற்றிக் கண்டறிந்ததை அவர்களுக்குத் திருப்பிக்கொடு. உன் பெட்டிக்குள்ளும் லினக்ஸ் ஓடினால், மூலநிரல் கேட்டு விற்றவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுது. பதில் வராவிட்டாலும், உரிமையைக் கேட்கும் பழக்கம் உனக்கு வரும். எடுத்ததற்குப் பெயர் சொல், எழுதியதற்கு உரிமம் போடு. தனியாகச் சாமர்த்தியம் காட்ட நினைப்பவரைவிட, கேள்வி கேட்கக் கூச்சப்படாதவர் தூரம் போவார்.

12. ஏணியில் ஏறுபவருக்காக எழுது.

உன் ஃபர்ம்வேரைப் பெட்டியில் ஏற்றப்போவது யார்? மோட்டார் சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு ராசிபுரத்துக்கும் சங்ககிரிக்கும் அலையும் கேமரா மெக்கானிக். ஆங்கிலக் கையேட்டின் நாற்பதாவது பக்கத்தை அவர் திறக்க மாட்டார். மெனுவைத் தமிழில் எழுது. 'ஹார்டு டிஸ்க் பழுதாகிறது, இந்த வாரமே மாற்றவும்' என்று திரையில் வரட்டும். எண்களாக வரும் பிழைச்செய்தி அவருக்கு உதவாது. நிறுவும் முறையைப் படத்தோடு ஒரே தாளில் அச்சிட்டுக் கொடு. முதல் சில பெட்டிகளுக்கு நீயும் கூடப் போ, கீழே நின்று ஏணியைப் பிடி. பிஎன்சி முனை எந்த மழையில் துருப்பிடிக்கும், எந்த அடாப்டர் எத்தனை கேமராவைத் தாங்கும், எந்த வயரை எலி கடிக்கும் என்று அவர் சொல்வதை எழுதிக்கொள். உன் நிரலில் இருக்க வேண்டிய பாதி விஷயம் அவர் வாயிலிருந்துதான் வரும். அவரை 'அண்ணா' என்று கூப்பிடு, சமமாக உட்கார்ந்து டீ குடி.

13. நீயும் கைவிட்டவர் பட்டியலில் சேராதே.

இதைத்தான் கடைசியாகச் சொல்ல வைத்திருந்தேன். இந்தப் பெட்டிகளுக்கு வந்த நோயின் வேர், செய்தவர்கள் சொல்லாமல் விட்டுப்போனதுதான். நாளை உனக்கு வேலை வரும், கல்யாணம் ஆகும், பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ போவாய். போகவேண்டியதுதான். ஆனால் இன்றைக்கே எழுதிவை: எந்தெந்தப் போர்டுக்கு, எந்த ஆண்டு வரை திருத்தம் தருவாய் என்று. ஒரு போர்டாக இருந்தாலும் சரி, சொன்னதைக் காப்பாற்று. ஃபர்ம்வேருக்குக் கையொப்பமிடும் சாவி உன்னிடம் மட்டும் இருக்க வேண்டாம், நம்பிக்கையான இன்னொருவரிடமும் பத்திரமாக இருக்கட்டும். உன் உதவி இல்லாமலே யாரும் அந்த ஃபர்ம்வேரை மூலநிரலிலிருந்து கட்டி எழுப்ப முடிய வேண்டும். ஓட்டை ஒன்று தெரியவந்தால் மறைக்காமல் அறிவி, திருத்து, பயன்படுத்துபவர்களுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்று விசாரி. விட்டுப்போகும் நாளிலும் ஆறு மாதம் முன்பே சொல்லிவிட்டு, பொறுப்பை இன்னொரு கையில் வைத்துவிட்டுப் போ.

கண்ணு, பெரிய திட்டம் போட்டுக்கொண்டு காத்திருக்காதே. பழைய பொருள் கடையில் ஒரே ஒரு டிவிஆர் வாங்கு. அந்த ஒரு போர்டை முழுக்கப் படி. ஒரு பண்ணை, ஒரு பட்டறை, ஒரு பள்ளிக்கூடம் என்று மூன்று இடத்தில் அது ஒழுங்காக ஓடட்டும். அந்த மூன்று இடத்து மனிதர்களும் உன்னை நம்பினால், நாலாவது இடம் தானாக வரும். திறமை உனக்கு ஏற்கெனவே இருக்கிறது. உன்னை நம்பி ஒருவர் தன் வீட்டுக் கதவைத் திறந்து வைக்கலாம் என்ற பெயரைச் சம்பாதித்துக்கொள்.